இடுப்பு முறிந்த முதியவருக்கு நரம்பு பிளாக்: இரவு டியூட்டி டாக்டர் போடலாமா?

கேள்வி சுருக்கமாக இது: சிறிய மருத்துவமனை. மயக்க மருந்து நிபுணர் பகலில்தான் வருவார். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து இரவில் வரும் பாட்டி, தாத்தாக்களுக்கு டிரமடால் என்ற வலி ஊசி போட்டு, காலில் டிராக்‌ஷன் கட்டி, காலைவரை படுக்க வைக்கிறார்கள். கவட்டை அருகே ஊசி போட்டுத் தொடை நரம்புகளை மரக்கவைக்கும் ஃபேஸியா இலியாகா பிளாக்கை டியூட்டி டாக்டரே கற்றுக்கொண்டு போடலாமா? இப்போது எல்லோரும் பெங் (PENG) பிளாக் என்கிறார்களே, அது மேலா? எவ்வளவு மருந்து, எதற்குப் பயப்பட வேண்டும்?

போடலாம். முறையாகக் கற்று, பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்கச் சில முறை போட்டுப் பார்த்த எந்த டாக்டரும் ஃபேஸியா இலியாகா பிளாக் போடலாம். பிரிட்டனில் பயிற்சி பெற்ற நர்ஸ்களே போடுகிறார்கள். அங்குள்ள மயக்க மருந்து நிபுணர்கள் சங்கம் 2013-லேயே அதற்கு வழிகாட்டும் அறிக்கை வெளியிட்டுவிட்டது. கை பழகியிருந்தால் மட்டும் போதாது. ஈசிஜி, பிபி, ஆக்சிஜன் அளவு காட்டும் மானிட்டர், ஓடுகிற ஐவி லைன், ஆக்சிஜன், அம்பு பேக், 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (மரக்கவைக்கும் மருந்து விஷமானால் ஏற்றும் கொழுப்புக் கரைசல்) ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் இந்த ஊசியைத் தொடவே வேண்டாம்.

எந்த பிளாக் என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய விஷயம். பல இடங்களில் இந்த பிளாக் தியேட்டருக்குள், ஸ்பைனலுக்கு (முதுகில் போடும் மயக்க ஊசிக்கு) உட்கார வைப்பதற்கு முன்புதான் போடப்படுகிறது. அதற்குள் அந்தப் பாட்டியை எக்ஸ்ரே மேஜைக்குத் தூக்கி வைத்து இறக்கியிருப்பார்கள், பெட்பேன் வைத்திருப்பார்கள், புடவை மாற்றியிருப்பார்கள், இரண்டு இரவு தூக்கமில்லாமல் போயிருக்கும். மருந்தின் பலன் முழுக்கத் தேவைப்பட்ட நேரம் கடந்துவிட்டது. விழுந்த கதையும், குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும் காலும் முறிவைத்தான் சொல்கின்றன என்றால், காஷுவால்டியிலேயே, முடிந்தால் எக்ஸ்ரேயின் பக்கவாட்டுப் படத்துக்குக் காலை அசைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். இடுப்பு மூட்டின் உறையில் முன்பக்கம்தான் வலி உணரும் நரம்பு முனைகள் அதிகம். அந்த முன்பக்கத்துக்கு ஃபெமொரல், அப்டுரேட்டர், சிலருக்குத் துணை அப்டுரேட்டர் நரம்புகளின் கிளைகள் வருகின்றன. பின்பக்க உறைக்கு சயாட்டிக் பக்கத்து நரம்புகள். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு, அதாவது ஆர்த்தோ சர்ஜன் கீறப்போகும் இடத்துக்கு, லேட்டரல் ஃபெமொரல் கியூட்டேனியஸ் நரம்பு. இதோடு தொடைத் தசைகள் இழுத்துப் பிடிக்கும் சுளுக்கு வலியும் சேர்ந்துகொள்கிறது. ஃபெமொரல் நரம்பு மரத்துப்போனால் குவாட்ரிசெப்ஸ் (முன் தொடைத் தசை) இறுக்கம் விடுகிறது, அதுவே பாதி நிம்மதி. பின்பக்கம் மரக்காது. ஆகவே எந்த பிளாக்கும் இங்கே வலியைக் குறைக்குமே தவிர, அதை மட்டும் வைத்து ஆபரேஷன் செய்ய முடியாது. ஸ்பைனலோ ஜெனரலோ (முழு மயக்கமோ) தனியாக வேண்டும். இதை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஊசி போட்டும் வலிக்குது" என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

டிரமடால் ஏன் போதாது? படுத்த படுக்கையில் அசையாமல் இருக்கும்போது வலி பத்துக்கு மூன்று என்பார். காலைத் தொட்டால் ஒன்பது. அசைவு வலியை அடக்கும் அளவுக்கு ஓபியாய்டு (டிரமடால், மார்ஃபின் வகை மருந்து) கொடுத்தால், அசையாத நேரத்தில் அதே டோஸ் ஆளை மயக்கி மூச்சைக் குறைக்கும். 80 வயதுச் சிறுநீரகம் மார்ஃபினின் கழிவுப் பொருளை வெளியேற்றத் திணறும். டிரமடால் குழப்பம், வாந்தி, சோடியம் குறைவு, சிலருக்கு வலிப்பு என்று தன் பங்குக்குக் கொண்டுவரும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் மோசம். டைக்ளோஃபினாக், கீட்டோரலாக் ஊசிகளை இந்த வயதில், நீர் வற்றிய உடம்பில், ரத்தம் கசியும் முறிவோடு கொடுப்பது சிறுநீரகத்தோடு சூதாடுவது. பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் இடுப்பு முறிவில் இந்த வகை மருந்துகளைப் பரிந்துரைப்பதில்லை. டிராக்‌ஷனும் அப்படித்தான்: ஆபரேஷனுக்கு முன் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் மெல்லிய தோல் உரிவதுதான் மிச்சம். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் போதும்.

2020-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 49 சோதனைகளை, 3,061 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பிளாக் போட்ட 30 நிமிடத்துக்குள் அசைவு வலி பத்துப் புள்ளி அளவுகோலில் சராசரியாக 2.5 குறைந்தது. திடீர்க் குழப்பநிலை, அதாவது டெலிரியம், பன்னிரண்டு பேருக்கு பிளாக் போட்டால் ஒருவருக்குத் தவிர்க்கப்படுகிறது. நெஞ்சுச் சளித் தொற்றும் குறையக்கூடும். அந்தக் கணக்கு சிறிய எண்ணிக்கையில் வந்தது, அதனால் அதை அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களை மறக்காதீர்கள். அவர்கள் வலி என்று கேட்டு வாங்க மாட்டார்கள். நியூயார்க்கில் நடந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு முறிந்த, முற்றிய டிமென்ஷியா நோயாளிகளுக்குக் கிடைத்த ஓபியாய்டு, நினைவு தெளிவாக உள்ளவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். முகச் சுளிப்பு, முனகல், மூச்சின் வேகம், உடம்பின் விறைப்பு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் பெய்னாட் அளவுகோலை வார்டு சுவரில் ஒட்டி வையுங்கள். "பாட்டி சும்மாத்தான் படுத்திருக்கு" என்பது வலி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பிளாக்கால் மிகப் பெரிய பலன் பெறுபவர்கள் இவர்கள்தான்.

எது போடுவது

ஃபேஸியா இலியாகாவில் இரண்டு வகை. கவட்டை மடிப்புக்குக் கீழே போடுவது பழையது. அல்ட்ராசவுண்ட் இல்லாமலும் போடலாம். ஃபெமொரல் நரம்பு நன்றாக மரக்கும், லேட்டரல் கியூட்டேனியஸ் பெரும்பாலும் மரக்கும், அப்டுரேட்டர் பல நேரம் தப்பிவிடும். மடிப்புக்கு மேலே போடும் வகையில் மருந்து இடுப்புக் குழிக்குள் மேல்நோக்கிப் பரவுவதால் மூன்றையும் எட்டும் வாய்ப்பு அதிகம். அதற்கு அல்ட்ராசவுண்ட் கட்டாயம். பெங் பிளாக் 2018-ல் விவரிக்கப்பட்டது: மூட்டு உறைக்குப் போகும் சிறு கிளைகளை மட்டும், சோவஸ் தசைநாணுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் 20 மி.லி. மருந்தால் பிடிப்பது. தொடைத் தசை பலம் பெரும்பாலும் தப்புகிறது. தோல் மரக்காது. டிரோகான்டருக்கு (தொடையெலும்பின் மேல்பகுதிப் புடைப்புக்கு) கீழே இறங்கிய முறிவுகளில் பெங் கைவிடும், ஏனென்றால் அங்கே வலி மூட்டு உறையிலிருந்து வருவதில்லை.

என் கணிப்பு: அல்ட்ராசவுண்டோடு ஒருவர் பழகியிருக்கும் இடத்தில், ஆபரேஷனுக்கு முந்தைய இரவுக்கு மடிப்புக்கு மேலே போடும் ஃபேஸியா இலியாகா. படுத்தே கிடக்கப்போகும் நோயாளிக்குத் தொடைத் தசை பலவீனத்தால் இழப்பு ஒன்றுமில்லை. மறுநாள் காலை நடக்க வைக்கப்போகிறோம் என்றால் பெங்குக்கு அர்த்தம் உண்டு. பழகிய கை இல்லாத, ஸ்கேன் இல்லாத இடத்தில் கீழே போடும் பழைய முறை. புதிது என்பதற்காக மட்டும் பெங் தேடி ஓட வேண்டாம். ஊசி முனை வழியில் ஃபெமொரல் நரம்பையும் தமனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆழமாகப் போகிறது.

மருந்துக் கணக்கு

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான், ஊசி முனையில் இல்லை. புத்தகங்கள் 30 முதல் 40 மி.லி. என்று எழுதுவது 70 கிலோ வெள்ளைக்காரருக்கு. நம் பாட்டிக்கு 40 கிலோ இருந்தால் அதிகம். எடையை ஊகிக்காதீர்கள், படுக்கையில் கிடப்பவரை எடை பார்க்க முடியாது என்றால் வீட்டாரிடம் கேளுங்கள், கடைசியாக எந்த மருத்துவமனைச் சீட்டில் எடை எழுதியிருக்கிறது என்று பாருங்கள், குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மரக்கவைக்கும் மருந்தான புபிவகேயினின் உச்ச அளவு கிலோவுக்கு 2 மி.கி. 40 கிலோவுக்கு 80 மி.கி. 0.25 சதவீதத்தில் 30 மி.லி. போட்டால் 75 மி.கி.; வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 40 மி.லி. போட்டால் 100 மி.கி., வரம்பு தாண்டிவிட்டது. 85 வயது, இதயத் தளர்ச்சி, ஈரல் கோளாறு இருந்தால் இன்னும் இறக்குங்கள்: 0.5 சதவீத பிளெயின் புபிவகேயின் 12 மி.லி.யோடு 18 மி.லி. நார்மல் சலைன் கலந்தால் 0.2 சதவீதத்தில் 30 மி.லி., 60 மி.கி. இந்த பிளாக் பரப்பளவை நம்பி வேலை செய்வது, செறிவை இறக்கலாம், கொள்ளளவை இறக்காதீர்கள். 15 மி.லி. போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பதில் பொருளில்லை.

ரோபிவகேயின் கிடைத்தால் அதுவே நல்லது. உச்ச அளவு கிலோவுக்கு 3 மி.கி.; 0.2 சதவீதத்தில் 40 மி.லி. என்றாலும் 80 மி.கி.தான், 40 கிலோவுக்கு 120 வரை இடம் இருக்கிறது. இதயத்தை அது புபிவகேயின் அளவுக்குப் பதம் பார்ப்பதில்லை. ஸ்பைனலுக்கு வரும் 'ஹெவி' ஆம்பூலை இதற்கு எடுக்காதீர்கள், குப்பியின் லேபிளை இன்னொருவர் உரக்கப் படிக்கட்டும். தோலுக்குப் போடும் லிக்னோகேயினும், பிறகு சர்ஜன் காயத்தில் பாய்ச்சும் மருந்தும் இதே கணக்கில்தான் சேரும். எந்த நேரம், எத்தனை மி.கி. என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

போடும் முறை

முதலில் பாதத்தை மேலே இழுக்கச் சொல்லிப் பாருங்கள், பாதத்தில் தொடு உணர்வு பாருங்கள், எழுதி வையுங்கள். விழுந்ததிலேயே சயாட்டிக் நரம்பு அடிபட்டிருந்தால் பிற்பாடு பழி உங்கள் ஊசிக்கு வரும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே மரத்த கால் என்றால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது பக்கம். பிரிட்டனில் இதற்கென்றே 'குத்துமுன் நில்' என்ற இயக்கம் நடத்தும் அளவுக்குத் தவறான பக்கத்து பிளாக் நடந்திருக்கிறது. ஊசி தோலைத் தொடும் கணத்துக்கு முன்பு நிறுத்தி, எக்ஸ்ரேயில் உள்ள குறியையும் காலில் உள்ள குறியையும் நர்ஸோடு சேர்ந்து பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் பார்த்தது கணக்கில் வராது.

ஸ்கேன் இல்லாத முறை: மல்லாந்து படுக்க வைக்கவும், காலை அசைக்க வேண்டாம். இடுப்பெலும்பின் முன் முனையையும் அந்தரங்க எலும்பின் மேட்டையும் ஒரு கோட்டால் இணைக்கவும். மூன்றாகப் பிரித்து, வெளிப்பக்க மூன்றிலொரு பங்கு முடியும் இடத்திலிருந்து 1 செ.மீ. கீழே குறி வைக்கவும். ஃபெமொரல் நாடியைத் தொட்டுப் பார்க்கவும். நாடி குறிக்கு உட்பக்கம் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். விரலுக்கடியில் நாடி அடித்தால் குறி தப்பு. மழுங்கிய, குட்டை முனை பிளாக் ஊசி வேண்டும். இல்லையென்றால் எபிடியூரல் செட்டின் டூஹி ஊசி. சாதாரணக் கூர் ஊசி வெண்ணெய்யில் இறங்குகிற மாதிரி போய்விடும், திரைகளைத் துளைக்கும்போது வரும் இரண்டு 'பட்'டும் கைக்குத் தெரியாது. 60 டிகிரி சாய்வில் தலைப்பக்கம் நோக்கி இறக்கினால் முதல் 'பட்' ஃபேஸியா லேட்டா, இரண்டாவது ஃபேஸியா இலியாகா. இரண்டாவதுக்குப் பின் சாய்வை 30 டிகிரிக்கு இறக்கி, ஓரிரு மி.மீ. முன்னேறி, பின்னிழுத்துப் பார்த்து, ரத்தம் வராவிட்டால் 5 மி.லி. போடவும். ஒவ்வொரு 5 மி.லி.க்கும் மறுபடி பின்னிழுத்துப் பார்க்கவும். சிரிஞ்ச் தடையின்றி ஓட வேண்டும். கை அழுத்தம் கேட்டால் முனை தசைக்குள் இருக்கிறது. சற்று வெளியே வாங்கவும். தோலுக்கடியில் குமிழ் எழுந்தால் முனை இன்னும் மேலேயே இருக்கிறது. கூர்மையான, சுரீரென்ற வலி காலில் ஓடினால் உடனே நிறுத்தி, பின்வாங்கவும்.

ஸ்கேனோடு, மடிப்புக்கு மேலே: நேர்கோட்டு ப்ரோபை இடுப்பெலும்பின் முன் முனை மேல் உடம்பின் நீளவாக்கில் வைத்து, மெல்ல உட்பக்கம் நகர்த்தவும். கால்பக்கம் சார்டோரியஸ், தலைப்பக்கம் இன்டர்னல் ஆப்ளிக், இரண்டும் சேர்ந்து போ-டை (வண்ணத்துப்பூச்சி போன்ற கழுத்து டை) வடிவில் தெரியும். அவற்றுக்கு அடியில் இலியாகஸ் தசை. அதன் மேல் பளிச்சென்ற கோடுதான் ஃபேஸியா இலியாகா. அந்தக் கோட்டுக்கு மேலே டீப் சர்க்கம்ஃப்ளெக்ஸ் இலியாக் தமனி சிறு புள்ளியாகத் துடிக்கும். காலிலிருந்து தலைப்பக்கமாக ஊசியை இறக்கி, கோட்டைத் துளைத்ததும் 1-2 மி.லி. சலைன் போட்டுப் பாருங்கள். கோடு தசையிலிருந்து பிரிந்து, தமனி மேலே தூக்கப்பட்டால் சரியான அறை. தசை உப்பினால் ஆழம் அதிகம்; தமனி கீழே அமுங்கினால் ஆழம் போதவில்லை. முனை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மி.மீ. கூட முன்னேறக் கூடாது, அந்தப் பக்கம் வயிற்றறை இருக்கிறது.

போட்டு முடித்ததும் உடனே ஸ்ட்ரெச்சரைத் தள்ளாதீர்கள். வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பத்தாவது நிமிடத்தில் எக்ஸ்ரேக்குத் தூக்கிவிட்டு "பிளாக் ஃபெயில்" என்று எழுதுவது வழக்கமான கூத்து. அரை மணி கழித்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும் தொடுங்கள். மற்றக் காலில் சில்லென்று இருப்பது இங்கே தெரியாவிட்டால் பிடித்துவிட்டது. பெங் போட்டிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. குதிகாலைத் தாங்கி 15 டிகிரி மெல்லத் தூக்கி, முகத்தைப் பாருங்கள்.

விஷமாகும்போது

கடைசிச் சொட்டு உள்ளே போன பிறகு குறைந்தது 30 நிமிடம் மானிட்டர் கழற்றக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிபி. மருந்து விஷமாவதற்கு அறிகுறிகள்: உதடு மரத்தல், காதில் ரீங்காரம், நாக்கில் இரும்புச் சுவை, திடீர்ப் பிதற்றல். டிமென்ஷியா உள்ளவர் இவற்றைச் சொல்ல மாட்டார். அவருக்கு முதல் அறிகுறி வலிப்பாகவோ இதயத் துடிப்புக் கோளாறாகவோ இருக்கலாம். ஊசியை நிறுத்துங்கள், உதவி கூப்பிடுங்கள், ஆக்சிஜன் கொடுத்து மூச்சைக் காப்பாற்றுங்கள், வலிப்புக்கு மிடசோலம். பிறகு 20 சதவீத லிப்பிட்: கிலோவுக்கு 1.5 மி.லி., 40 கிலோவுக்கு 60 மி.லி., இரண்டு மூன்று நிமிடத்தில்; தொடர்ந்து நிமிடத்துக்கு 10 மி.லி. பிபி தேறாவிட்டால் அதே முதல் டோஸை மறுபடி கொடுத்து, ஓட்டத்தை இரட்டிப்பாக்கவும். மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி. தாண்டக் கூடாது. இதயம் நின்றால் அட்ரினலின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். லிக்னோகேயின் வேண்டவே வேண்டாம். புரொபோஃபாலும் வெள்ளையாக இருக்கிறதே என்று அதை லிப்பிடுக்குப் பதிலாக ஏற்றக் கூடாது. சிபிஆர் நெடுநேரம் செய்ய வேண்டியிருக்கும், சீக்கிரம் கைவிடாதீர்கள்.

ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் பற்றி நிறையப் பேர் தயங்குகிறார்கள். குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு ஸ்பைனலைத் தள்ளிப்போட வேண்டிவரலாம். கவட்டை மடிப்புக்குக் கீழே போடும் பிளாக் அழுத்திப் பிடிக்கக்கூடிய இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் போடலாம், போட்டபின் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். மேலே போடும் முறையும் பெங்கும் ஆழமானவை, அங்கே யோசித்துப் போடுங்கள். ஊசி இடத்தில் தொற்று, மருந்து ஒவ்வாமை, அதே பக்கத் தொடைத் தமனியில் முன்பு கிராஃப்ட் வைத்திருப்பது, நோயாளி வேண்டாம் என்பது: இவற்றில் விட்டுவிடவும்.

பிறகு வார்டில். புபிவகேயின் ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக நிற்கும். மாலை ஆறுக்குப் போட்டது விடியற்காலை மூன்றுக்கு விடும், அப்போது வார்டில் எழுப்ப ஆள் இருக்காது. அதனால் பாராசிட்டமாலை வலி வந்தபின் கொடுக்காமல் கடிகாரம் பார்த்து ஆறு மணிக்கொருமுறை கொடுங்கள்; 40 கிலோவுக்கு ஒரு கிராம் அல்ல, 500 அல்லது 650 மி.கி. ஆபரேஷன் தள்ளிப்போனால் பிளாக்கை மறுபடி போடலாம், மொத்த டோஸையும் இடைவெளியையும் கணக்குப் பார்த்து. வலி நின்றுவிட்டது என்பதற்காக ஆபரேஷனை வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்குத் தள்ள பிளாக் சாக்காகக் கூடாது.

கால் அசையாமல் கிடப்பதால் குதிகாலில் புண் வரும். கெண்டைக்காலுக்கு அடியில் துணி மடித்து வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் முதன்முதலாக எழுப்பும்முன், கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முழங்காலை நீட்டிக் குதிகாலைத் தூக்கச் சொல்லவும். தூக்க முடியாவிட்டால் தொடைத் தசை இன்னும் விழித்துக்கொள்ளவில்லை, நிற்க வைக்காதீர்கள்.

ஒன்று கட்டாயம் தவிர்க்க வேண்டியது. விழுந்தவர் நடக்க முடியவில்லை, எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை, வலிக்கு பிளாக் போட்டாயிற்று, வலி போய்விட்டது, "சாதாரண அடிதான்" என்று வீட்டுக்கு அனுப்புவது. நகராத முறிவு முதல் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும். மரத்த காலோடு நடக்க வைத்தால் அந்த ஒட்டிய முறிவு விலகி, சின்ன ஸ்குரூவில் முடிய வேண்டியது மூட்டு மாற்றாகிவிடும். எம்ஆர்ஐயோ சிடியோ எடுக்கும்வரை படுக்கையை விட்டு இறக்காதீர்கள்.